பணம் கட்டும் முன்

சென்னை,
9.11.2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அன்றைக்குப் போனில் நான் சொன்னதில் பாதி உங்கள் காதில் விழவில்லை. மீதியைச் சித்தி பக்கத்தில் நின்று கத்திக் கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாவகாசமாகப் படியுங்கள். நீளமாகத்தான் இருக்கும்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "டவுன்ல ஒருத்தர் மூணு மாசத்துல காது இரைச்சலை முழுசா நிறுத்திடுறேங்கிறாரு. நாப்பதாயிரம் கேக்குறாரு. கட்டலாமா வேண்டாமாத்தா?" இன்னும் கட்டாதீர்கள் என்பதுதான் என் பதில். அவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. அவரை எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று மாதம் கழித்து இரைச்சல் குறைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? இந்தக் கேள்விக்கு அவரிடமும் பதில் இருக்க வேண்டும், உங்களிடமும் இருக்க வேண்டும். அது இல்லாமல் கட்டும் பணம் கிணற்றில் போட்ட கல்தான், வைத்தியம் நல்லதாகவே இருந்தாலும்.

மைசூரில் காது, பேச்சு சம்பந்தமாகப் படிக்கப் போகிறேன் என்றபோது, "ஏத்தா, அதுக்கெல்லாமா ஒரு படிப்பு?" என்று சிரித்தவர் நீங்கள். அந்தப் படிப்பில் எங்களுக்கு முதலில் புரியவைத்த விஷயங்களில் ஒன்று இது: காது கேட்பதை அளந்துவிடலாம், காது இரைவதை அளப்பது லேசில்லை. உங்களை ஒரு சத்தம் புகாத அறையில் உட்காரவைத்துச் சோதித்தால் ஆடியோகிராம் என்று ஒரு தாள் தருவார்கள். எந்தச் சுருதியில் எத்தனை டெசிபல் வைத்தால் உங்களுக்குக் கேட்கத் தொடங்குகிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டும். மில்லில் ரிங் ஃபிரேம் பக்கம் வருஷக்கணக்கில் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருக்கும். அதைப் பார்த்தாலே இவர் சத்தத்தில் வேலை பார்த்தவர் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தாளில் உங்கள் இரைச்சல் எங்கேயும் இருக்காது. அது வெளியிலிருந்து வரும் சத்தமே இல்லை. உட்காதில் இருக்கும் மயிர்ச் செல்கள் சத்தத்தில் அடிபட்டுப் போனபின், அங்கிருந்து வரவேண்டிய சேதி குறைந்துவிடுகிறது. மூளை அதை ஈடுகட்டத் தன் பக்கத்தில் வால்யூமைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. அப்படிக் கூட்டியதில் எழுவதுதான் நீங்கள் சொல்லும் "ஙொய்" என்ற சத்தம். இன்று பெரும்பாலானவர்கள் ஏற்கும் விளக்கம் இதுதான். இதற்கு மீட்டர் எதுவும் கிடையாது.

ஒரு சுற்றுவழி இருக்கிறது. கருவியில் ஒவ்வொரு சத்தமாக வைத்து, உங்கள் இரைச்சல் இந்த அளவா, இன்னும் பெரிதா என்று கேட்டுக்கொண்டே வந்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும் இடத்தைக் குறித்துக்கொள்வோம். அதில் வரும் கணக்கு விசித்திரமானது. "மில்லே உள்ளுக்குள்ள ஓடுதுங்க" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானோருக்கும், அவர்களுக்குக் கேட்கத் தொடங்கும் அளவுக்கு மேல் 10 டெசிபலுக்குள்தான் அந்த இடம் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதே கணக்கு வந்த இன்னொருவர், "அது பாட்டுக்கு இரையும், நான் பாட்டுக்குக் கடலை பிடுங்கப் போவேன்" என்பார். முதலாமவர் மூன்று மாதமாகத் தூங்கியிருக்க மாட்டார். சத்தத்தின் பருமனும் மனிதன் படும் பாடும் ஒன்றோடொன்று அதிகம் ஒட்டுவதில்லை.

அமைதிக்கும் இதில் பங்கு உண்டு. 1953இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். ராத்திரி குஜிலியம்பாறையில் கரண்டு போய் ஃபேன் நின்றதும் உங்கள் இரைச்சல் இரண்டு மடங்காவதாகச் சொன்னீர்களே, அது கூடவில்லை. சுற்றியிருந்த சத்தம் போய்விட்டது, அவ்வளவுதான். டவுன்காரர் பகலில், ரோட்டுச் சத்தத்துக்கு நடுவில் உட்காரவைத்து "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டால் குறைந்த மாதிரிதான் இருக்கும்.

அதனால் உலகம் முழுக்க இப்போது சத்தத்தை விட்டுவிட்டு, அந்தச் சத்தம் ஒருவரிடமிருந்து எதையெல்லாம் பிடுங்குகிறது என்று கேட்டு மார்க் போடுகிறார்கள். 1996இல் நியூமன் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 25 கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினார்கள். எங்கள் துறையில் இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். தூக்கம் கெடுகிறதா, எரிச்சல் வருகிறதா, பேச்சைக் கவனிக்க முடியவில்லையா, வீட்டில் உள்ளவர்களோடு உரசல் வருகிறதா என்ற மாதிரிக் கேள்விகள். ஆம் என்றால் 4, சில நேரம் என்றால் 2, இல்லை என்றால் 0. மொத்தம் 100. 16 வரைக்கும் இருந்தால் பெயரளவுக்குத்தான். 58ஐத் தொட்டால் கடுமை. 78க்கு மேலே போனால் அந்த மனிதரைத் தனியாக விடக் கூடாது என்று நான் நினைப்பேன்.

இதில் எத்தனை மார்க் குறைந்தால் உண்மையிலேயே குறைந்ததாக எடுத்துக்கொள்வது? அந்தத் தாளை உருவாக்கியவர்களே 20 குறைய வேண்டும் என்றார்கள். அதற்குக் கீழே இருந்தால் தாளின் ஆட்டமாகவே இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. 2011இல் வந்த ஓர் ஆய்வு, 7 குறைந்தாலே நோயாளிகளுக்கு வித்தியாசம் தெரிகிறது என்றது. 20 எங்கே, 7 எங்கே! ஒரே வைத்தியம் ஒரு கோட்டின்படி பாஸ், இன்னொரு கோட்டின்படி ஃபெயில். 2012இல் இன்னொரு தாள் வந்தது, அதிலும் 25 கேள்விதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை போடலாம் என்பதால் சின்ன மாற்றமும் தெரியும். அதில் 13 குறைந்தால் கணக்கில் எடுக்கலாம் என்றார்கள். ஆகவே "எங்கள் நோயாளிகளில் 80 சதவீதம் பேருக்குக் குணம்" என்று யாராவது நோட்டீஸ் அடித்தால், எந்தத் தாள், எத்தனை மார்க் என்று கேட்காமல் அந்த 80க்கு மதிப்பே இல்லை.

தாளை எழுதியவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி நம் பக்கத்தில் உண்டு. டாக்டர் "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் நம் ஆட்கள் "பரவால்லைங்க" என்பார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே விடிந்திருக்கும், இருந்தாலும் பரவாயில்லை. பாடுபட்டு வைத்தியம் பார்க்கிறவர் முகத்துக்கு நேராகக் குறையவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். பணம் கட்டியவருக்கு இன்னொரு சங்கடம்: நாற்பதாயிரத்தைக் கொடுத்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று வீட்டில் எப்படிச் சொல்வது? நீங்களும் இந்த ரகம்தான் சித்தப்பா, கோபித்துக்கொள்ள வேண்டாம். வைத்தியம் பார்க்கிறவரே கேள்வியும் கேட்டு மார்க்கும் போட்டால் அந்த மார்க்கை நான் நம்ப மாட்டேன். என்னிடம் வருகிறவர்களுக்கு நானே கேட்டுப் போடும் மார்க்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி அந்த டீக்கடைப் பெரியவர். அவருக்கு ஏதோ லேகியத்தில் குணமாகிவிட்டது என்றீர்கள். ஆகியிருக்கலாம். ஆனால் அவர் எப்போது லேகியம் தேடிப் போனார் என்று யோசியுங்கள். இரைச்சல் ஏறி இறங்கும் இயல்புடையது. அது தாங்க முடியாமல் போகிற வாரத்தில்தான் யாரும் வைத்தியரைத் தேடுவார்கள். மழை நன்றாகப் பெய்யும் வருஷத்தில் நம் ஊரில் யாராவது கொடும்பாவி இழுத்திருக்கிறார்களா? வறட்சி முற்றிப்போய் இனி தாங்காது என்கிற ஆவணியில்தான் இழுப்பார்கள். ஐப்பசியில் எப்படியும் பெய்கிற மழை கொடும்பாவி கணக்கில் சேர்ந்துவிடும். அதோடு, நாள்பட மூளை அந்தச் சத்தத்தைச் சட்டை செய்யாமல் விடவும் பழகிக்கொள்கிறது. இந்த இரண்டையும் கழித்துவிட்டு மீதி என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் அது மருந்தின் வேலை.

கழிப்பதற்கு ஒரே வழி, ஒரு கூட்டத்துக்கு உண்மையான மருந்தும், அதே மாதிரியான இன்னொரு கூட்டத்துக்கு அதைப் போலவே தெரியும் வெறும் மாத்திரையும் கொடுத்துவிட்டு, யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் சாப்பிடுபவருக்கும் தெரியாமல் வைத்துப் பார்ப்பது. ஜிங்கோ என்ற இலைச்சாறு மாத்திரையை அப்படித்தான் இங்கிலாந்தில் 1121 பேரிடம் பார்த்தார்கள். 2001இல் முடிவு வந்தது. வெறும் மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. இன்றும் கடைகளில் விற்கிறது. உங்களுக்கு வேடசந்தூரில் எழுதிக்கொடுத்த பீட்டாஹிஸ்டின் மாத்திரையும் அந்த வகையில்தான் வருகிறது. தலைசுற்றலோடு வரும் ஒரு காது நோய்க்கு அதைக் கொடுப்பது வழக்கம். இரைச்சல் மட்டும் இருப்பவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் எழுதும் நைஸ் அமைப்பு 2020இல் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. உங்களுக்குத் தலைசுற்றல் இருக்கிறதா என்று எனக்கு நீங்கள் சொல்லவே இல்லை. இருந்தால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. எங்கள் துறைக்கே கொஞ்சம் அவமானமான சோதனை. காதில் மெல்லிய சத்தம் போடும் கருவியும், உட்காரவைத்துப் பேசிப் புரியவைப்பதும் சேர்ந்த ஒரு சிகிச்சை 1990களிலிருந்து பெரிய பெயரோடு நடந்துவந்தது. அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்தவர்களும் அவர்கள் குடும்பத்தினருமாக 151 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு முழுச் சிகிச்சை. இன்னொரு கூட்டத்துக்குப் பேச்சு உண்மை, கருவி மட்டும் போலி. மூன்றாவது கூட்டத்துக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 18 மாதம் பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவில் மூன்று கூட்டமும் தேறியிருந்தது, ஏறக்குறைய ஒரே அளவுக்கு. போலிக் கருவிக் கூட்டம் இல்லாமல் அந்த முதல் கூட்டத்தை மட்டும் படம் பிடித்திருந்தால் எத்தனை அருமையான விளம்பரமாகியிருக்கும்!

உங்கள் டவுன்காரர் சொன்ன "நாக்கில் கரண்டு வைக்கிற வெளிநாட்டு மெஷின்" எது என்றும் எனக்குப் புரிந்தது. ஹெட்போனில் சத்தம், கூடவே நாக்கில் மெல்லிய மின்துடிப்பு, 12 வாரம். 326 பேரிடம் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். 2023இல் அமெரிக்க அரசு அனுமதியும் கிடைத்தது. மார்க் 10க்கு மேல் குறைந்தது உண்மை. ஆனால் அந்த 326 பேரில் போலி மெஷின் வாங்கியவர் ஒருவரும் இல்லை. மெஷினின் ஒரு அமைப்பை இன்னொரு அமைப்போடுதான் ஒப்பிட்டார்கள். குறைந்ததில் மெஷினின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது. அதே மெஷின்தான் அவரிடம் இருக்கிறதா என்பதே சந்தேகம் என்பது வேறு விஷயம்.

அப்படியானால் எதுவுமே வேலை செய்யாதா என்று கேட்பீர்கள். செய்கிறது, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வேலையை அல்ல. சிபிடி என்ற மனப்பயிற்சி முறை இருக்கிறது. இரைச்சல் கேட்டதும் "இது இன்னும் ஏறும், பைத்தியம் பிடித்துவிடும்" என்று ஓடும் நினைப்பைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொடுப்பார்கள். 28 ஆய்வுகளில் 2733 பேரைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2020இல் வந்தது. சும்மா காத்திருந்தவர்களைவிட, பயிற்சி பெற்றவர்களுக்கு நான் மேலே சொன்ன 100 மார்க் தாளில் சுமார் 11 குறைந்தது. காது சம்பந்தமான நல்ல கவனிப்பு பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் 6 கூட இல்லை. 7 என்ற கோட்டுக்கும் கீழே. இருந்தும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். மற்றவை இந்த அளவு கூடத் தாண்டவில்லை என்பது ஒன்று; இதை விற்றவர்கள் மிகைப்படுத்தவில்லை என்பது இன்னொன்று. சத்தம் குறையும் என்று அவர்கள் சொல்வதே இல்லை. சத்தம் அப்படியே இருக்கும், நீங்கள் தூங்குவீர்கள்.

அடுத்தது காது மெஷின். உங்களுக்குக் காதும் மந்தம் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. வெளிச்சத்தம் உள்ளே வந்தால் இரைச்சல் பின்னால் போகும். இரைச்சல் குறையாவிட்டாலும் போனில் என் பேச்சு கேட்கும், சித்திக்குத் தொண்டை மிச்சம். எப்படிப் பார்த்தாலும் அந்த நாற்பதாயிரத்துக்கு இது நல்ல செலவு.

இவற்றில் எதைச் செய்தாலும் எதை அளப்பது? 2018இல் பல நாட்டு டாக்டர்களும் நோயாளிகளும் சேர்ந்து, இனி சத்தக் கருவி வைத்துச் செய்யும் எந்தச் சோதனையிலும் ஐந்தைக் கட்டாயம் அளக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இரைச்சல் எவ்வளவு குறுக்கிடுகிறது, அதைச் சட்டை செய்யாமல் இருக்க முடிகிறதா, கவனம், தூக்கம், நிலைமை தன் கைக்குள் இருப்பதாகத் தோன்றுகிறதா. அதில் நோயாளிகளின் கை தெரிகிறது, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் நம் ஊரில் கேட்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கோயில் திருவிழாவில் ரேடியோ குழாய் பக்கத்தில் உட்கார முடிகிறதா? நாலு பேர் பேசும் இடத்தில் சும்மா தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறீர்களா?

அதனால் இந்தக் கவரில் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். அந்த 100 மார்க் தாளின் 25 கேள்விகளையும் தமிழில் எழுதி, நம் ஊர்க் கேள்வி இரண்டைக் கடைசியில் சேர்த்திருக்கிறேன். அந்த இரண்டுக்கும் மார்க் கிடையாது. ஒன்று உங்களுக்கு, ஒன்று சித்திக்கு. சித்தி உங்களைப் பற்றி நிரப்ப வேண்டும், உங்களைக் கேட்காமல். இப்போது ஒரு தடவை, எந்த வைத்தியமும் தொடங்குவதற்கு முன். அப்புறம் மாதம் ஒரு தடவை, ஏறக்குறைய அதே நேரத்தில், காலைச் சாப்பாடு முடிந்தபின். அதற்கு மேல் வேண்டாம். தினமும் காதைக் கூர்ந்து கேட்டு இன்றைக்கு எப்படி, நேற்றைக்கு எப்படி என்று பார்க்க ஆரம்பித்தால் அந்தக் கூர்ந்து கேட்பதே இரைச்சலை வளர்த்துவிடும். தூக்கத்தை மட்டும் காலண்டரில் காலையில் குறித்துவையுங்கள், எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று.

பணம் கட்டுவது பற்றி அப்புறம் பேசலாம். முதலில் எரியோடு பஸ் பிடித்துத் திண்டுக்கல் போய், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் இரையும். வேறு எதற்கெல்லாம் மாத்திரை சாப்பிடுகிறீர்களோ எல்லாச் சீட்டையும் எடுத்துப்போங்கள். சில மருந்துகளும் இரைச்சலைக் கிளப்பும். ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் என் கடிதத்துக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும், நாள் கடந்தால் அந்தக் காதை மீட்பது கடினம்.

தம்பி நீங்கள் வேலை பார்த்த அந்த மில்லில்தான் இன்னும் நைட் ஷிப்ட் போகிறான் என்று அம்மா சொன்னார்கள். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இரைச்சலால் காது போவது சட்டத்தின் அட்டவணையில் இருக்கிற தொழில்நோய். அப்படி ஒருவருக்கு வந்தால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் காதடைப்பான் கொடுப்பார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அவனுக்கு ஒரு டப்பா வாங்கித் தனி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அவனிடம் சொல்லுங்கள்: விரலால் உருட்டி மெல்லிசாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டு, அது உப்புகிற வரைக்கும் விரலை எடுக்கக் கூடாது. சும்மா வாசலில் சொருகிக்கொண்டால் பிரயோஜனம் இல்லை. உங்கள் காதில் போனதைத் திருப்பித் தர எந்த ஊரிலும் மருந்தில்லை, அவன் காது இன்னும் மிச்சம் இருக்கிறது.

அப்பத்தாவுக்கு என் வணக்கம். முருங்கைக்காய் இந்தத் தடவையாவது விலை போனதா?

நிரப்பிய தாள்களைத் தனித்தனிக் கவரில் அனுப்புங்கள். சித்தியின் கவரை நீங்கள் பிரித்துப் பார்க்கக் கூடாது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்